சுவரோடு ஒரு பழமரம்: எஸ்பாலியர் வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஒரு மதில்சுவர், அதன் ஓரமாக ஓரடி அகலத்துக்கு வெறும் மண். அந்த இடத்தில் பூச்செடிக்கு மேல் எதுவும் தேறாது என்றுதான் பெரும்பாலும் விட்டுவிடுவோம். மரத்தை நாலாபுறமும் படரவிடாமல் சுவரோடு சுவராகத் தட்டையாக வளர்த்தால், அதே ஓரடியில் ஆப்பிளோ பேரிக்காயோ அத்தியோ காய்க்கும். இந்த முறைக்குப் பெயர் எஸ்பாலியர். நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகப் படுக்கைவாட்டில் கைகள். எட்ட நின்று பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும்.

படத்தில் பார்ப்பவர்களுக்கு இது ஏதோ பெரிய கவாத்து வித்தை, அதாவது கிளை வெட்டும் வித்தை, போலத் தெரியும். முதல் மூன்று வருடம் கத்தரிக்கு வேலை கொஞ்சம்தான், கயிற்றுக்குத்தான் நிறைய. புதிதாகத் தொடங்குபவர்கள் வெட்டுவதில் காட்டுகிற ஆர்வத்தைக் கட்டுவதில் காட்டுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கோணம் புரியட்டும்

செங்குத்தாக நிற்கும் கிளையின் நுனியில் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. கீழே உள்ள மொட்டுகளை அது அடக்கி வைக்கும். அதனால் அந்தக் கிளை இலையும் நீளமுமாக மேலே போய்க்கொண்டே இருக்கும், காய்க்க அவசரப்படாது. அதே கிளையைப் படுக்க வைத்தால் நுனியின் அதிகாரம் தளரும், வேகம் தணியும், நெடுக உள்ள மொட்டுகள் விழித்துக்கொள்ளும். அவற்றில் பல ஓரிரு வருடத்தில் பூமொட்டாக மாறும். நிமிர்த்தினால் வளரும், படுக்க வைத்தால் காய்க்கும், 45 டிகிரியில் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். இனி வரும் எல்லா வேலையும் இந்த ஒரு விஷயத்தைப் பயன்படுத்திக்கொள்வதுதான்.

எந்த மரம்

அடுக்கடுக்கான இந்த வடிவத்துக்கு மிகவும் ஒத்துவருவது ஆப்பிளும் பேரியும். காரணம், இவற்றில் பல ரகங்கள் ஸ்பர் என்கிற குட்டையான, முடிச்சு முடிச்சான சிறு கிளைகளில் வருடா வருடம் அதே இடத்தில் காய்க்கும். வடிவம் மாறாமல் வைத்துக்கொள்ள அதுதான் வசதி. நுனியில் காய்க்கும் ஆப்பிள் ரகங்களும் உண்டு. அவற்றை எஸ்பாலியராக்கினால் காய் வரவேண்டிய நுனிகளைத்தான் ஒவ்வொரு வருடமும் வெட்டிப்போட வேண்டியிருக்கும். வாங்கும்போதே "இது ஸ்பரில் காய்க்கிற ரகமா?" என்று கேட்டுவிடுங்கள்.

ரகத்தைப் போலவே முக்கியம், ஒட்டுக்கன்றின் அடியில் இருக்கும் வேர்ச்செடி. மரம் எவ்வளவு பெரிதாகும் என்பதை முடிவு செய்வது அதுதான். ஆப்பிளுக்கு எம்-9, எம்-26, எம்எம்-106 ஆகியவை பரவலாகப் புழங்குபவை. எம்-9 மிகக் குட்டை, எம்எம்-106 இவற்றில் ஓரளவு வீரியமானது. மண் சுமாராக இருந்தால் எம்எம்-106, நல்ல மண்ணும் சிறிய சுவரும் என்றால் எம்-26 என்று வைத்துக்கொள்ளலாம். பேரியைச் சீமைமாதுளை (குவின்ஸ், நம் மாதுளை அல்ல) வேரில் ஒட்டியிருப்பார்கள். விதையிலிருந்து முளைத்த கன்றை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அது பெரிய மரமாகத்தான் ஆசைப்படும், நீங்கள் ஆயுள் முழுக்க அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஆப்பிளும் பேரியும் காய்க்க ஒரு குளிர்காலம் வேண்டும். குளிர் குறைவான இடங்களுக்கு அன்னா, டார்செட் கோல்டன் போன்ற ஆப்பிள் ரகங்கள் உண்டு. பெரும்பாலான ஆப்பிள்களுக்கு அதே சமயத்தில் பூக்கும் வேறொரு ரகம் அருகில் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குளிரே இல்லாத இடமா? அத்தி, கொய்யா, மாதுளை, எலுமிச்சை இவற்றைச் சுவரோடு வளர்க்கலாம். ஆனால் அளவெடுத்தாற்போன்ற அடுக்குகளை இவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம். விசிறி மாதிரி பரப்பிக் கட்டுவது இவற்றுக்குப் பொருத்தம். மாவை விட்டுவிடுங்கள், அது கிளை நுனியில் பூக்கும் மரம்.

இடமும் சுவரும்

பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் பதினான்காம் லூயி மன்னருக்காக லா கேன்தினி என்பவர் 1678 முதல் 1683 வரை ஒரு பழத்தோட்டம் அமைத்தார். தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து உள்ளே நிறையச் சுவர் எழுப்பி, அவற்றின் மேல் மரங்களைப் படரவிட்டார். சுவர் பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் வெப்பத்தைத் திருப்பித் தரும், குளிர்காற்றையும் தடுக்கும். குளிர் நாட்டில் அது வரம். வடகோளத்தில் குளிர்ப்பகுதியில் இருப்பவர்கள் தெற்கு பார்த்த சுவரையும், தென்கோளத்தில் இருப்பவர்கள் வடக்கு பார்த்த சுவரையும் தேடுவது இதனால்தான். வெயில் கொளுத்தும் ஊரில் அதே சுவர் அடுப்பாகிவிடும். அங்கே மேற்குச் சுவரைத் தவிர்த்துக் காலை வெயில் படும் கிழக்குச் சுவரை எடுங்கள். இல்லாவிட்டால் சுவரே வேண்டாம், திறந்தவெளியில் இரண்டு கம்பம் நட்டுக் கம்பி இழுத்தால் போதும். இரண்டு பக்கமும் காற்று ஓடும், பூஞ்சைத் தொல்லையும் குறையும்.

கம்பி கட்டுதல்

கன்று வருவதற்கு முன்பே கம்பி தயாராக இருக்க வேண்டும். "அப்புறம் கட்டிக்கொள்ளலாம்" என்று விட்டால் கட்டவேண்டிய கிளை அதற்குள் முற்றிவிடும்.

2 முதல் 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜி.ஐ. கம்பி போதும். முதல் கம்பி தரையிலிருந்து 45 செ.மீ., அடுத்தவை ஒவ்வொன்றும் 45 செ.மீ. இடைவெளியில். நான்கு கம்பி என்றால் கடைசிக் கம்பி 180 செ.மீ.யில் வரும், ஏணி இல்லாமல் எட்டிவிடலாம். முதல் மரத்துக்கு மூன்று அடுக்கே போதும் என்பது என் கருத்து. சுவரில் நீளமான கொக்கி ஆணி அடித்து, கம்பிக்கும் சுவருக்கும் நடுவே 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். இலை சுவரோடு ஒட்டிக்கொண்டால் பூச்சி தங்க வசதியாகிவிடும், உங்கள் விரலும் பின்பக்கம் போகாது. ஒரு முனையில் டர்ன்பக்கிள் (கம்பியை இழுத்து இறுக்கும் திருகு) போட்டு முறுக்குங்கள். விரலால் தட்டினால் டங்கென்று அதிர வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்ப்பது நல்லது, கம்பி கோணினால் மரமும் அதே கோணலில் வளரும்.

ஒரு மரத்துக்கு 3 முதல் 4 மீட்டர் அகலம் ஒதுக்குங்கள்.

நடவும் முதல் வெட்டும்

ஒரு வயதான, பக்கக்கிளை இல்லாத குச்சி மாதிரியான கன்றுதான் வேண்டும். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். கிளைகள் விட்ட பெரிய கன்றைப் பார்த்து மயங்காதீர்கள், அதன் கிளைகள் உங்கள் கம்பி இருக்கிற உயரத்தில் இருக்காது.

இலையுதிர்ந்து மரம் உறங்கும் காலத்தில் நடுங்கள். சுவரிலிருந்து 20 செ.மீ. தள்ளிக் குழி எடுத்து, கன்றைச் சற்றே சுவர்ப்பக்கம் சாய்த்து வையுங்கள். ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே தெளிவாகத் தெரிய வேண்டும். அது புதைந்துபோனால் மேல்பகுதி தானே வேர்விட்டு, குட்டை வேர்ச்செடியின் பலன் போய்விடும். சுவரோரத்து மண்ணில் மழை சரியாக விழாது. மழை பெய்ததே என்று நினைத்து நீர் விடாமல் இருந்தால் கன்று வாடும். தண்டைத் தொடாமல் காய்ந்த இலைதழையால் மூடாக்குப் போட்டு, முதல் இரண்டு வருடம் ஆழமாக நீர் கொடுங்கள்.

இப்போது மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டிய வெட்டு. கன்றை முதல் கம்பியின் உயரத்தில் வெட்டிவிடுங்கள். ஆளுயரக் கன்று முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். வெட்டுக்குக் கீழே மூன்று நல்ல மொட்டுகள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மேல்மொட்டு நடுத்தண்டாகும், அடுத்த இரண்டும் இடக்கை, வலக்கை. அந்த இரண்டும் ஆளுக்கொரு பக்கம், கம்பியின் போக்கில் பார்த்திருந்தால் உத்தமம். மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, நீர் மொட்டுப்பக்கம் வழியாதபடி சாய்வாக வெட்டுங்கள்.

முதல் வருடம்: கயிறு

தளிர் வந்ததும் மூங்கில் குச்சிகளைக் கம்பியில் கட்டுங்கள். ஒன்று செங்குத்தாக, மற்ற இரண்டும் இருபுறமும் 45 டிகிரியில். மேல் தளிரை நேர்க்குச்சியிலும், பக்கத் தளிர்களைச் சாய்ந்த குச்சிகளிலும் வளர வளரக் கட்டிக்கொண்டே போக வேண்டும். சணல் நூல் அல்லது பழைய பருத்தித் துணிக் கிழிசல் போதும். குச்சிக்கும் தளிருக்கும் நடுவில் கயிறு ஒருமுறை குறுக்கே வருமாறு எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். நைலானும் கம்பியும் கூடாது, தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். சணல் ஒரு வருடத்தில் மக்கிப்போவது குறையே அல்ல, கட்டை மறந்துபோகிறவர்களுக்கு அது ஒரு காப்பு.

என் முதல் மரத்தில் இந்த 45 டிகிரி எனக்குத் தேவையில்லாத சடங்காகப் பட்டது. கடைசியில் படுக்கத்தானே போகிறது, இப்போதே படுக்க வைத்தால் என்ன? தளிர்கள் இரண்டு சாண் வந்ததுமே இரண்டையும் கம்பியோடு இழுத்துக் கட்டினேன். இடது கை அடியோடு 'சட்'டென்று பிய்ந்து என் கையில் வந்தது. வலது கை பிழைத்தது, ஆனால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அதற்குப் போகவேண்டிய பலமெல்லாம் நடுத்தண்டுக்குப் போனது. பருவம் முடியும்போது நடுத்தண்டு என் மார்பு உயரம், கை ஒரு முழம்கூட இல்லை. கோணம் பற்றி மேலே எழுதியதை நான் தெரிந்துகொண்டது அந்த வருடம்தான்.

ஆகவே பருவம் முழுக்க 45 டிகிரியிலேயே விடுங்கள். ஒரு கை நீண்டு மற்றது பின்தங்கினால், பின்தங்கியதன் குச்சியைச் சற்று நிமிர்த்துங்கள், முந்துவதைச் சற்றுத் தாழ்த்துங்கள். சில வாரங்களில் இரண்டும் சமமாகும். வெட்டாமலே செய்கிற இந்தச் சரிக்கட்டல்தான் முழுக் கலையிலும் எனக்குப் பிடித்த பகுதி.

இலை உதிரும் தருணத்தில் குச்சிகளை அவிழ்த்து, கைகளை மெதுவாகக் கம்பிக்கு இறக்கிக் கட்டுங்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். இங்கே அவ்வளவு காலமெல்லாம் கிடையாது. அடுத்த பருவம் வரை விட்டால் அடிப்பகுதி கட்டையாகி, வளைவதற்குப் பதில் கிழியும். இறக்கும்போது ஒரு கையால் அடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், நார் கிழியும் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டுப் பாதி தூரத்தில் கட்டி, சில நாள் கழித்து மீதியை இறக்குங்கள்.

இரண்டாம், மூன்றாம் வருடம்

அதே பாடம்தான், ஒரு மாடி மேலே. உறக்க காலத்தில் நடுத்தண்டை இரண்டாம் கம்பி உயரத்தில், மூன்று நல்ல மொட்டு விட்டு வெட்டுங்கள். அடுத்த வருடம் மூன்றாம் கம்பியில். கடைசி அடுக்கில் மட்டும் இரண்டு பக்கத் தளிர்களை வைத்துக்கொண்டு மேல்நோக்கிப் போவதை நீக்கிவிடுங்கள். நடுத்தண்டு ஒரு வருடத்தில் கம்பியைத் தொடவில்லையா? அவசரம் வேண்டாம், அது தொடும் வரை அடுத்த அடுக்கைத் தள்ளிப்போடுங்கள். கைகள் மெலிந்திருந்தால் உறக்க காலத்தில் மூன்றில் ஒரு பங்கை, கீழ்நோக்கிய மொட்டு ஒன்றின் மேல் வெட்டிவிட்டால் அடுத்த தளிர் பலமாக வரும்.

முதல் இரண்டு வருடம் பூ வந்தாலும் பிஞ்சைக் கிள்ளிவிடுங்கள். ஒன்றே ஒன்றை ருசி பார்க்க விட்டால் தப்பில்லை. கீழ் அடுக்கு நன்றாக நீளும் வரை மேல் அடுக்குக்கு ஆசைப்படக் கூடாது. மரத்தின் பலம் எப்போதும் மேலே ஓடும், கீழ்க்கை ஒருமுறை சோர்ந்தால் பிறகு எழுப்புவது கஷ்டம்.

கோடைக் கவாத்து: இங்கேதான் கத்தரி

வடிவம் வந்தபின் வருடா வருடம் செய்யவேண்டிய முக்கிய வேலை இது. உறக்க காலத்தில் வெட்டினால் மரம் வேகமாகத் தளிர்க்கும். இலையோடு இருக்கும்போது வெட்டினால் வேகம் அடங்கும். தட்டையாக வைத்திருக்க நமக்கு வேண்டியது பின்னது.

எப்போது என்பதற்கு மாதம் சொன்னால் இடத்துக்கு இடம் மாறும். மரத்தையே பாருங்கள். அந்த வருடத்துக் கிளை ஒன்றின் அடியைப் பிடித்து லேசாக வளையுங்கள். கீழ் மூன்றில் ஒரு பங்கு விறைத்துக் கட்டையாகியிருக்க வேண்டும், இலைகள் கரும்பச்சையாக இருக்க வேண்டும், நுனியில் புதிய இலை வருவது நின்றிருக்க வேண்டும். பேரி ஆப்பிளைவிடச் சில வாரம் முன்பே இந்த நிலைக்கு வரும். அவசரப்பட்டுப் பச்சையாக இருக்கும்போதே வெட்டினால் மறுபடி தளிர்த்து, இரண்டாம் முறை வெட்டவேண்டி வரும்.

சரி, ஒரு கிளையை மட்டும் எடுத்துப் பார்ப்போம். கையிலிருந்து நேராக எழுந்து, 40 செ.மீ. நீளம், பென்சில் தடிமன். அதன் அடியில் நாலைந்து சின்ன இலைகள் கொத்தாக, இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு இருக்கும். அது அடிக்கொத்து, அதை எண்ணக் கூடாது. அதற்கு மேலே இடைவெளிவிட்டு வரும் முழு இலைகளில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, மூன்றாவது இலைக்கு மேலே வெட்டுங்கள். அடிக்கொத்தையும் சேர்த்து எண்ணிவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு, வெட்டு மிகக் குட்டையாகிப் பூமொட்டு உருவாக இடமே இருக்காது. போன வருடம் வெட்டி விட்ட குட்டைக் கிளையிலிருந்தே இப்போது கிளை வந்திருந்தால் அடிக்கொத்துக்கு மேலே ஒரே ஓர் இலை போதும். 20 செ.மீ.க்கும் குறைவான கிளைகளைத் தொடவே வேண்டாம், அவற்றில் பல தாமாகவே பூமொட்டில் முடியும்.

கைகளின் நுனியை மட்டும் அவற்றுக்குரிய இடம் நிரம்பும் வரை வெட்டாதீர்கள். நடுத்தண்டிலிருந்து அடுக்குகளுக்கு நடுவில் முளைப்பவற்றையும், வேரிலிருந்து வரும் போத்துகளையும் தயவு காட்டாமல் எடுத்துவிடலாம்.

காய்ப்புக்கு வந்தபின்

உறக்க காலத்தில் மொட்டுகளை உற்றுப் பாருங்கள். ஆப்பிளில் இலைமொட்டு ஒல்லியாகக் கிளையோடு ஒட்டியிருக்கும், பூமொட்டு குண்டாக, மெல்லிய ரோமத்தோடு விலகி நிற்கும். இந்த வித்தியாசம் ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் எதை வெட்டக் கூடாது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. சில வருடங்களில் ஸ்பர்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பிடிப்பிடியாகிவிடும். பழங்கள் சிறுத்துப்போவதுதான் இதன் அடையாளம். கையின் அடிப்பக்கம் நிழலில் தொங்குபவற்றை நீக்கி, மீதியை 10 முதல் 15 செ.மீ.க்கு ஒன்று என்று கலைத்துவிடுங்கள். பிஞ்சுகளையும் கொத்துக்கு ஒன்று, நல்ல மரமென்றால் இரண்டு என்று விட்டு மீதியைக் கிள்ளுங்கள்.

தழைச்சத்து அதிகமான உரம் கொடுத்தால் நேராக மேல்நோக்கிப் பாயும் காய்க்காத தளிர்களாகவே (நீர்ப்போத்துகள்) கிளம்பும். கொஞ்சம் மக்கிய எரு போதும். கத்தரியை ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

பீச், பிளம், செர்ரி வகைகளுக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அவற்றை விசிறி வடிவில் வளர்ப்பார்கள். உறக்க காலத்தில் வெட்டினால் காயத்தின் வழியாக வெள்ளி இலை நோய் நுழையும் என்பதால், தளிர்க்கும் பருவத்தில் ஈரமில்லாத நாளாகப் பார்த்து வெட்டுவார்கள். பீச் போன வருடத்துக் கிளையில் மட்டுமே காய்க்கும். ஆகவே காய்த்த கிளையை எடுத்து அதன் அடியிலிருந்து வரும் புதிய கிளையை அந்த இடத்தில் கட்ட வேண்டும். கொய்யா நேர்மாறு, அந்தப் பருவத்துப் புதுத் தளிரிலேயே பூக்கும் என்பதால் அறுவடை முடிந்ததும் வெட்டலாம். அத்தியை வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பால் பட்டால் தோல் எரியும்.

கை உடைந்தால்

பதற வேண்டாம். உடைந்த இடத்தைச் சுத்தமாக வெட்டிவிட்டு, அதன் அருகில் தண்டில் உறங்கும் மொட்டு ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்த தளிர்ப்பருவம் தொடங்கும் முன், அந்த மொட்டுக்கு நேர் மேலே பட்டையில் மட்டும் பிறை வடிவத்தில் ஒரு சிறு துண்டைக் கத்தியால் எடுங்கள். மேலிருந்து இறங்கும் ஆக்சின் அங்கே தடைபடும், அடங்கிக் கிடந்த மொட்டு தளிர்க்கும். (இதையே மொட்டுக்குக் கீழே செய்தால் அதன் வேகம் குறையும். முந்திப்போகும் தளிரை அடக்க அது உதவும்.) என் மரத்தில் பிய்ந்த இடக்கை இப்படித்தான் திரும்ப வந்தது. புதிய தளிரை 45 டிகிரியில், சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் நிமிர்த்தியே வைத்திருந்தேன், வலக்கையை அதற்குள் படுக்க வைத்தாகிவிட்டது. மரம் இப்போது மூன்று அடுக்கும் நிரம்பிக் காய்க்கிறது. கீழ் அடுக்கில் இடக்கை மட்டும் இன்றைக்கும் வலக்கையைவிட ஒரு சாண் குட்டை.